கடைமடைக்கும் தண்ணீர் பாய: கிராஃபிக்ஸ் வலுக்குறைந்த லேப்டாப்பில் கேம் சீராக ஓட ஒரு வழிகாட்டி

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் அக்கா மகன் போன சித்திரையில் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்தான். "மாமா, ஆரம்பத்துல நல்லாத்தான் ஓடுது, பொறவு கட்டிக் கட்டி நிக்கு" என்றான். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் கேம் ஓடாது, வேறு வாங்கிக்கொள் என்று ஒரு கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே கோளாறு எங்கே என்பதற்கான துப்பு இருந்தும், அதை யாரும் காதில் வாங்கவில்லை. முதல் பத்து நிமிடம் ஒழுங்காக ஓடிய கேம் அதன்பின் தடுமாறுகிறது என்றால் கிராஃபிக்ஸின் வலு அந்தப் பத்து நிமிடத்தில் குறைந்துவிடவில்லை. கணினி சூடேறிவிட்டது என்றுதான் பொருள். வீட்டில் ஒரே ஒரு மடிக்கணினி, அதுவும் படிப்புக்காக வாங்கியது அல்லது அரசு கொடுத்தது என்ற நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பணம் செலவழிப்பதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றை ஒரு வரிசையில் செய்தால்தான் எது பலித்தது என்று தெரியும்.

முதலில் உங்கள் கணினியின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் அந்தக் கார்டுக்கென்றே சொந்த நினைவகமும் சொந்த மின்பங்கும் இருக்கும். நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் மடிக்கணினியிலோ கிராஃபிக்ஸ் பகுதி பிராசஸர் சில்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இன்டெல் ஹெச்டி, யுஹெச்டி, ஐரிஸ் எக்ஸ்இ என்றும், ஏஎம்டியில் வேகா என்றும் ரேடியான் கிராஃபிக்ஸ் என்றும் வருபவை இந்த வகைதான். இதற்குச் சொந்த நினைவகம் கிடையாது. கணினியின் தற்காலிக நினைவகமான ரேமையே பிராசஸரோடு பங்குபோட்டுக்கொள்ளும். மின்சாரமும் அப்படித்தான்: மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் பிராசஸருக்கும் கிராஃபிக்ஸுக்கும் சேர்த்தே ஏறக்குறைய 15 வாட்தான் ஒதுக்கீடு. குளிர்விக்கும் விசிறியும் இரண்டுக்கும் பொது. நம் தாமிரபரணிப் பாசனத்தில் கன்னடியன் கால், பாளையங்கால் என்ற வாய்க்கால்களில் தண்ணீர் வந்தாலும், மேலே உள்ளவர்கள் எடுத்தது போக மிஞ்சியதுதானே கடைமடை வயலுக்கு வந்து சேரும்! இந்தக் கணினிக்குள் கிராஃபிக்ஸ் பகுதி அந்தக் கடைமடை வயல். ஆற்றில் புதுத் தண்ணீர் கொண்டுவர நம்மால் முடியாது. காலைத் தூர்வாரி, வழியில் வீணாவதைத் தடுத்து, இருக்கும் தண்ணீரைக் கடைமடை வரைக்கும் கொண்டுசேர்க்க முடியும்.

அளந்து பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்

ஒரு பழைய நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸ் விசையோடு ஜி விசையைச் சேர்த்து அழுத்தினால் கேம் பார் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பெட்டி பிராசஸர், கிராஃபிக்ஸ், ரேம் ஆகியவற்றின் பயன்பாட்டையும், நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை படம், வருகிறது என்பதையும் காட்டும். ஃப்ரேம் எண்ணிக்கையைக் காட்ட அது முதல் தடவை அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டுக் கணினியை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். பெட்டியில் உள்ள ஊசி வடிவ 'பின்' குறியை அழுத்திவிட்டால் கேமின் மேலேயே அது நிற்கும்.

பிறகு கேமில் ஒரே இடத்தை, கூட்டமும் மரம் மட்டையும் நிறைந்த ஒரு காட்சியை, அளவிடும் இடமாக வைத்துக்கொண்டு, தொடங்கிய இரண்டாம் நிமிடத்தில் ஒருமுறையும் இருபதாம் நிமிடத்தில் ஒருமுறையும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை இரண்டாம் முறை வெகுவாகக் குறைந்திருந்தால் கோளாறு சூடு. இரண்டு முறையும் கிராஃபிக்ஸ் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே இருந்தால் கேமின் அமைப்புகளைக் குறைத்தாக வேண்டும். கிராஃபிக்ஸ் 60 சதவீதத்தில் சும்மா இருக்க, பிராசஸர் திணறினால், திரையில் வரையும் புள்ளிகளின் அளவான ரெசொல்யூஷனை எவ்வளவு குறைத்தாலும் பயன் இராது. பின்னணியில் ஓடுபவற்றை நிறுத்துவதும், கேமில் ஆட்கூட்டத்தையும் பார்வைத் தூரத்தையும் குறைப்பதும்தான் வழி. ரேம் 90 சதவீதத்தைத் தாண்டி, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் (கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும்) டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் ரேம் போதவில்லை. இந்த நான்கில் உங்களுடையது எது என்று தெரிந்துகொள்வது பாதி வேலையை முடித்ததற்குச் சமம். இனி வரும் ஒவ்வொரு படியிலும் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, அதே இடத்தில் மறுபடி அளந்து எழுதுங்கள். பத்து மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்தால் எது கெடுத்தது, எது திருத்தியது என்பது தெரியாமலே போகும்.

சூடு: நம் ஊரில் இதுவே முதல் எதிரி

திருநெல்வேலிச் சீமையில் சூட்டைப் பற்றி விரிவாகச் சொல்லாமல் கடந்துபோக முடியாது. சில்லின் வெப்பம் அறையின் வெப்பத்தின் மேல்தான் ஏறுகிறது. மார்கழியில் 26 பாகை இருந்த அறை அக்னி நட்சத்திரத்தில் 36 பாகை ஆகும்போது, அதே கேமை அதே அமைப்பில் ஓட்டினாலும் சில்லும் ஏறத்தாழ அந்தப் பத்துப் பாகை கூடுதல் சூட்டில்தான் ஓட வேண்டியிருக்கும். இன்டெல் மடிக்கணினிச் சில்லுகள் பலவற்றின் வெப்ப எல்லை 100 பாகை செல்சியஸ். அந்த எல்லையை நெருங்கியதும் தன்னைக் காத்துக்கொள்ளச் சில்லே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அக்கா மகன் சொன்ன "கட்டிக் கட்டி நிக்கு" என்பது இந்த நிலைதான். ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவினால் சில்லின் வெப்பத்தையும், அது எப்போது வேகத்தைக் குறைத்தது என்பதையும் கண்ணால் பார்க்கலாம்.

கணினியை வைக்கும் இடத்தை முதலில் மாற்றுங்கள். பெரும்பாலான மடிக்கணினிகள் அடிப்பக்கம் உள்ள துளைகள் வழியே காற்றை இழுத்துப் பின்பக்கமோ பக்கவாட்டிலோ வெளியே தள்ளுகின்றன. மெத்தையின் மேல், மடியில் வைத்த தலையணையின் மேல் வைத்தால் அந்தத் துளைகள் அடைபட்டுப் போகும். பத்தமடைப் பாயில் படுத்துக்கொண்டு விளையாடுவது உடம்புக்குச் சுகமாக இருக்கலாம், கணினியைப் பாயின் மேல் வைக்காமல் பக்கத்தில் ஒரு பலகையின் மேல் வையுங்கள். பின்பக்கத்தின் இரு ஓரங்களிலும் ஒரே உயரமுள்ள இரண்டு மரக்கட்டைகளை, காற்றுத் துளையை மறைக்காதபடி, கொடுத்து ஓர் அங்குலம் தூக்கிவிட்டால் அடியில் காற்று தாராளமாக நுழையும். காசு கொடுத்து வாங்கும் விசிறி வைத்த மேடைகள் செய்யும் வேலையில் பெரும்பகுதியை இந்தக் கட்டைகளே செய்துவிடும் என்பது என் அனுபவம். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் மாலை ஏழு மணிக்கு விளையாடுவதைவிட, தரை குளிர்ந்திருக்கும் காலைப் பொழுதில் விளையாடினால் வேறுபாட்டை நீங்களே நோட்டில் காண்பீர்கள்.

அடுத்தது தூசு. அக்கா வீடு வயல்காட்டை ஒட்டியது. பிசானம் என்னும் நெல் பருவத்து அறுவடை முடிந்து களத்தில் நெல் தூற்றிய தூசு முழுவதும் அந்தக் கணினியின் விசிறிக்கும் வெப்பத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு போலப் படிந்திருந்தது. விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது. காற்றுத்தான் வெளியே வரவில்லை. இட்டமொழி, திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணல், கூடங்குளம், உவரிப் பக்கம் உப்புக்காற்று என்று ஊருக்கு ஊர் வேறுபாடு இருக்குமே தவிர, நான்கைந்து ஆண்டுகள் திறக்காமல் ஓடிய மடிக்கணினிக்குள் இந்த அடைப்பு இல்லாமல் இருக்காது. வெளியே இருந்து ஊதினால் தூசு உள்ளேயே போய் வேறிடத்தில் படியும் என்பதால் பின்மூடியைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

செய்யும் முறை இது. சார்ஜரைப் பிடுங்கி, கணினியை முழுவதும் அணைத்துவிடுங்கள். உங்கள் மாடலின் பெயரைப் போட்டுப் பின்மூடி கழற்றும் காணொளி ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்துவிடுங்கள். திருகாணிகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்காது. ஒரு தாளில் கணினியின் படத்தை வரைந்து, எந்த இடத்துத் திருகாணியோ அந்த இடத்தில் அதைச் செலோடேப்பால் ஒட்டி வையுங்கள். மூடி திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள். விசிறி இறக்கைகளின் நடுவே ஒரு பல்குத்தும் குச்சியை வைத்து அது சுழலாமல் தடுத்துக்கொண்டு, மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தூசைத் தளர்த்தி, பிறகு கைப்பம்பு போன்ற ரப்பர் புளோயரால் விட்டு விட்டு ஊதுங்கள். ஈரத்துணி கூடாது. வாக்குவம் கிளீனர் நிலைமின்சாரம் உண்டாக்கும் என்பதால் அதுவும் கூடாது. சில்லின் மேல் பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட் ஆண்டுகள் செல்லச் செல்லக் காய்ந்து வெப்பத்தைக் கடத்தாமல் போகும். அதை மாற்ற வெப்பத் தகட்டையே கழற்ற வேண்டியிருக்கும் என்பதால், முதல் தடவை பழகிய கைகளிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்வது நல்லது. உத்தரவாதக் காலம் முடியாத கணினியாக இருந்தால், திறப்பதற்கு முன் அதன் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பின்னும் சூடு தணியாவிட்டால் ஒரு வழி உண்டு. பழைய மடிக்கணினிகளில் கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குள் பிராசஸரின் உச்ச நிலையைச் சதவீதமாகக் குறிக்கும் இடம் இருக்கும். அதை 100இலிருந்து 99 ஆக்கினால் பிராசஸர் தேவைப்படும்போது தானே கூட்டிக்கொள்ளும் டர்போ வேகம் நின்றுவிடும். வேகத்தைக் குறைத்தால் கேம் எப்படி நன்றாக ஓடும் என்று கேட்கத் தோன்றும். மேல்மடையை ஒரு விரற்கடை இறக்கியது போலத்தான் இது: பிராசஸர் விட்டுக்கொடுத்த வாட்டும் சூட்டுப் பங்கும் கிராஃபிக்ஸுக்குப் போய்ச் சேரும். பிராசஸரை அதிகம் கேட்கும் கேம்களில் இது எதிராகவும் முடியலாம் என்பதால், நோட்டில் அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மின்சாரம்

பேட்டரியில் ஓடும்போது மடிக்கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே சார்ஜரைச் செருகிக்கொண்டுதான் விளையாட வேண்டும். சார்ஜர் பழுதாகி வேறு வாங்கினால், பழையதன் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் புதியதிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வோல்ட் அதே அளவாகவும், ஆம்பியர் அதே அளவாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். திறன் குறைந்த சார்ஜரைக் கண்டுகொண்டால் சில கணினிகள் எச்சரிக்கை காட்டிவிட்டு மெதுவாகவே ஓடும். விண்டோஸ் செட்டிங்ஸில் பவர் மோட் என்ற இடத்தில் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ரேம்: காசு செலவழித்தால் இதற்கே செலவழியுங்கள்

இந்த வகைக் கணினிக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் நான் ரேமைத்தான் சொல்வேன். காரணம் இரண்டு. விண்டோஸும் ஒரு பிரௌசரும் தின்றது போக 4 ஜிபியில் மிஞ்சுவது சொற்பம். அதிலிருந்துதான் கிராஃபிக்ஸும் தன் பங்கை எடுக்க வேண்டும். இரண்டாவது காரணம் பலருக்குத் தெரிவதில்லை. ரேம் ஒரே துண்டாக இருந்தால் தரவு ஒரே தடத்தில்தான் போய்வரும். இரண்டு துண்டாக இருந்தால் இரு தடம் கிடைக்கும். டிடிஆர்4 வகையில் 2400 வேகமுள்ள ஒரு துண்டு நொடிக்கு 19.2 ஜிபி வரை கடத்தும் என்றால், இரண்டு துண்டுகள் 38.4 ஜிபி வரை கடத்தும். பிராசஸருக்கு இந்த வேறுபாடு அவ்வளவாக உறைக்காது; நினைவகத்துக்கு ஏங்கிக் கிடக்கும் கிராஃபிக்ஸுக்கோ இது கடைமடைக்கென்று இன்னொரு காலே வெட்டிவிட்டது போல. இன்டெல்லின் ஐரிஸ் எக்ஸ்இ வகையில் ஒற்றைத் தடத்தில் ரேம் இருந்தால் கணினி அதை ஐரிஸ் என்றுகூடக் காட்டாது, யுஹெச்டி என்றுதான் காட்டும். அந்த அளவுக்கு இது முக்கியம்.

டாஸ்க் மேனேஜரைக் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தித் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரி என்பதைத் தொட்டால், எத்தனை இடத்தில் எத்தனை நிரம்பியிருக்கிறது, ரேமின் வேகம் என்ன என்பன தெரியும். இரண்டில் ஒன்று என்று காட்டினால், அதே வகையில், அதே அளவில், அதே வேகத்தில் இன்னொரு துண்டு வாங்குங்கள். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்தா. ரேம் துண்டின் விளிம்பில் வெட்டு இருக்கும் இடமே வேறு. சில மெல்லிய மாடல்களில் ரேமைப் பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள், கூட்ட வழியில்லை. கடைக்குப் போவதற்கு முன் இதைப் பார்த்துவிட்டால் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு இரண்டு முறை பஸ் ஏற வேண்டியிராது. ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றினால் கேம் திறக்கும் நேரம் நன்கு குறையும், நடுவில் வரும் திடீர்த் தடங்கல்களும் குறையும். ஆனால் ஃப்ரேம் எண்ணிக்கை அதனால் பெரிதாக ஏறிவிடாது.

விண்டோஸில் செய்ய வேண்டியவை

கிராஃபிக்ஸை இயக்கும் மென்பொருளான டிரைவரை இன்டெல் அல்லது ஏஎம்டியின் தளத்திலிருந்தோ மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்தோ மட்டும் இறக்குங்கள். கேம் மோடைப் போட்டு வையுங்கள். கேம் பாரில் பின்னணியில் காணொளி பதிவு செய்யும் வசதியை நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் அந்தப் பதிவுக்கும் இதே கிராஃபிக்ஸ்தான் உழைக்க வேண்டும். கணினி தொடங்கும்போதே தானாகத் திறப்பவற்றை டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் முடக்குங்கள். விளையாடும்போது பிரௌசரை மூடிவிடுங்கள். சிறிய தனி கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து உள்ள கணினியாக இருந்தால், டிஸ்ப்ளே செட்டிங்ஸின் கிராஃபிக்ஸ் பகுதியில் அந்தக் கேமைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று குறித்துவிட வேண்டும். அந்தக் கார்டு இருந்தும் கேம் அதைத் தொடாமலே ஓடிக்கொண்டிருந்த கணினிகளை நான் பார்த்திருக்கிறேன்.

கேமுக்குள் எதை முதலில் குறைப்பது

எல்லாவற்றையும் லோ என்று ஒரேயடியாக இறக்குவது புதியவர்கள் செய்வது. அப்படிச் செய்தால் கேம் பார்க்கச் சகிக்காது, கண்ணும் வலிக்கும். எது எவ்வளவு தின்கிறது என்று தெரிந்தால், அழகில் பெரிதாக இழக்காமலே நிறைய மீட்கலாம்.

ரெசொல்யூஷன்தான் தலையாயது. 1920×1080 திரையில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 20,73,600 புள்ளிகளை வரைய வேண்டும். 1280×720 ஆக்கினால் 9,21,600 புள்ளிகள், அதாவது பாதிக்கும் குறைவு. 1366×768 திரை உள்ள பழைய கணினியில் 10,49,088 புள்ளிகள்தான் என்பதால், அங்கே 720க்கு இறங்குவதில் 12 சதவீதம்தான் மிச்சம். அதைவிட மற்றவற்றைக் குறைப்பது மேல். கேமில், காட்சியை மட்டும் குறைந்த அளவில் வரைந்து திரைக்குப் பெரிதாக்கும் ரெண்டர் ஸ்கேல் என்ற அமைப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அதை 75 சதவீதம் ஆக்கினால் வரைய வேண்டிய புள்ளிகள் 56 சதவீதமாகக் குறையும். எழுத்தும் வரைபடமும் திரையின் முழு அளவில் தெளிவாகவே இருக்கும். ஏஎம்டி 2021இல் வெளியிட்ட எஃப்எஸ்ஆர் என்ற முறை, குறைந்த அளவில் வரைந்த படத்தைக் கூர்மையாக்கிப் பெரிதாக்கித் தருவது. அது இன்டெல் கிராஃபிக்ஸிலும் ஓடும். 1080 திரையில் அதன் குவாலிட்டி நிலை உள்ளே 720இல் வரைகிறது, பார்க்கவும் நன்றாக இருக்கிறது. 720 திரையில் போட்டால் உள்ளே 480க்குப் போய்விடும் என்பதால் படம் கலங்கித் தெரியும்.

அடுத்தது நிழல். நிழலை வரைய, விளக்கோ சூரியனோ இருக்கும் இடத்திலிருந்து அந்தக் காட்சியைக் கணினி இன்னொரு தடவை வரைந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஹையிலிருந்து லோவுக்கு இறக்க வேண்டிய முதல் அமைப்பு இதுவே. ஓடிக்கொண்டிருக்கும்போது நிழலின் ஓரம் மழுங்கியிருப்பதை யாரும் கவனிப்பதில்லை. மூலை முடுக்குகளில் மெல்லிய இருளைச் சேர்க்கும் ஆம்பியன்ட் அக்லூஷன், தண்ணீரிலும் கண்ணாடியிலும் தெரியும் ரிஃப்ளெக்ஷன், மூடுபனி போன்ற வால்யூமெட்ரிக் ஒளி ஆகிய மூன்றையும் அணைத்துவிடலாம். ஓரங்களை மழுக்கும் ஆன்டி ஏலியாசிங்கில் எம்எஸ்ஏஏ இருந்தால் நிறுத்திவிட்டு எஃப்எக்ஸ்ஏஏ வையுங்கள். முன்னது நினைவகப் போக்குவரத்தை மிகுதியாகக் கேட்கும். பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டும் படமான டெக்ஸ்சர் மட்டும் வேறு கதை: ரேம் போதுமான அளவு இருந்தால் அதை மீடியத்தில் வைப்பதால் ஃப்ரேம் பெரிதாகக் குறையாது, காட்சியோ நன்றாக இருக்கும். 8 ஜிபி உள்ளவர்கள் மீடியமும் 4 ஜிபி உள்ளவர்கள் லோவும் வைக்கலாம்.

பார்வைத் தூரம் எவ்வளவு தின்னும் என்பதை மைன்கிராஃப்டில் கணக்குப் போட்டே பார்க்கலாம். தூரத்தை 16 என்று வைத்தால் உங்களைச் சுற்றி 33க்கு 33, ஆக 1,089 துண்டு நிலங்களைக் கணினி தாங்க வேண்டும். 8 என்று வைத்தால் 17க்கு 17, வெறும் 289. தூரம் பாதியானால் சுமை கிட்டத்தட்டக் கால்வாசியாகிறது. இந்தக் கணக்கு திறந்தவெளிக் கேம்கள் அனைத்துக்கும் ஓரளவு பொருந்தும்.

கடைசியாக ஃப்ரேமுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். ஒரு நொடியில் 50, அடுத்த நொடியில் 24 என்று ஏறி இறங்குவதைவிட, 30இலேயே நிலைத்து நின்றால் கைக்கும் கண்ணுக்கும் சீராக இருக்கும். 60 ஹெர்ட்ஸ் திரைக்கு 30 சரிபாதி என்பதால் ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரே அளவு நேரம் திரையில் நிற்கும். 40 என்று வைத்தால் சில ஃப்ரேம் கூடுதலாகவும் சில குறைவாகவும் நின்று உறுத்தும். தேவைக்கு மேல் வரையாததால் சூடும் தணியும். சுட்டு விளையாடும் போட்டிக் கேம்களுக்கு மட்டும் 60ஐ எட்ட முயலுங்கள். அங்கே 30 போதாது.

செய்யக் கூடாதவை

ஒரே சொடுக்கில் வேகம் கூட்டித் தருவதாகச் சொல்லும் பூஸ்டர் மென்பொருள்கள் பின்னணியில் ஓடும் இன்னொரு சுமை. யாரோ வெட்டிக் குறைத்த விண்டோஸை நிறுவாதீர்கள். பாதுகாப்பு எது நீக்கப்பட்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ரேம் நிரம்பும்போது டிஸ்க்கில் இடம் கொடுக்கும் பேஜ் ஃபைலை அணைத்தால் ரேம் குறைந்த கணினியில் கேம் பாதியில் மூடிக்கொள்ளும். திருட்டுப் பதிப்புக் கேம்களோடு கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல்கள் ஒளிந்து வருவதுண்டு. அவை உங்கள் கிராஃபிக்ஸையே தின்னும். கிராஃபிக்ஸ் வலுக்குறைந்தவர்களுக்கென்றே நேர்வழியில் கிடைக்கும் கேம்கள் இருக்கின்றன. சுட்டு விளையாடும் வாலரன்ட் என்ற கேமின் குறைந்தபட்ச கிராஃபிக்ஸ் தேவையாக அறிவித்திருப்பது 2012இல் வந்த இன்டெல் ஹெச்டி 4000தான்.

அக்கா மகனின் கணினியைத் திறந்து, தூசெடுத்து, பேஸ்ட் மாற்றி, இரண்டாவது ரேம் துண்டையும் போட்டு மூடிய அன்று இரவு, அவன் நோட்டில் இரண்டாம் நிமிடத்து எண்ணும் இருபதாம் நிமிடத்து எண்ணும் முதன்முறையாக ஒன்றாக இருந்தன. பிசான அறுவடை முடிந்ததும் ஒரு முறை, ஆடிக் காற்று ஓய்ந்ததும் ஒரு முறை பின்மூடியைத் திறக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். ஆவணி பிறந்ததும் தானே திறந்து தூசெடுத்து, திருகாணிகளை ஒட்டி வைத்திருந்த தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தான்.